அந்த அறைக்குள் வந்து போனவர்

புன்னைத்துறை மாநகரக் காவல்துறையின் ஆவணப் பிரிவில் இப்போது காகிதம் அதிகம் இல்லை. இருப்பவை அறைகள். வாக்குமூலம் கொடுப்பவர் சொல்வதை எழுதிக்கொள்ளும் வழக்கம் போய், அவர் உட்கார்ந்திருந்த அறையையே அப்படியே பதிந்துவைக்கும் வழக்கம் வந்து இருபது ஆண்டுகள் இருக்கும். சுவரிலும் கூரையிலும் பொருத்திய கண்கள் எல்லாத் திசையிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். பிறகு எப்போது வேண்டுமானாலும் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போகலாம். நடக்கலாம். குனிந்து பார்க்கலாம். சாட்சியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, எந்தக் கேள்விக்கு அவர் எச்சில் விழுங்குகிறார் என்று கவனிக்கலாம். அவருக்கு எதுவும் தெரியாது. அவர் அன்றைய தினத்தில் இருக்கிறார்.

அதிகாரிகளுக்கு இது பெரிய உதவியாக இருந்தது. நீதிமன்றத்துக்குக் கிளம்புவதற்கு முன் இன்ஸ்பெக்டர்கள் வந்து பழைய அறைகளுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போவார்கள். பொதுமக்களுக்கு முன்பக்கம் ஒரு கவுண்டர். எஃப்.ஐ.ஆர். நகல், விபத்து அறிக்கை, தொலைந்துபோன சான்றிதழுக்குக் கடிதம், வெளிநாட்டு வேலைக்கு நன்னடத்தைச் சான்று என்று காலையிலிருந்தே கூட்டம் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லவேண்டியவர் கண்காணிப்பாளர் பெனிட்டா கொரைரா.

இந்த ஆண்டு புதுச் சட்டம் ஒன்று வந்தது. காவல்துறையில் யார் ஒரு குடிமகனின் பதிவைத் திறந்தாலும் அந்தக் குடிமகனுக்குத் தகவல் போகவேண்டும். இனிமேல் திறப்பதற்கு மட்டுமல்ல, இதுவரை திறந்ததற்கும். ஒரே வாரத்தில் நகரம் முழுக்கக் கைபேசிகளில் செய்தி போனது. பெரும்பாலானவர்கள் ஒன்றும் புரியாமல் அழித்துவிட்டார்கள். சிலர் கவுண்டருக்கு வந்தார்கள். அப்படி வந்தவன்தான் மகிழன்.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் பம்பு பழுதுபார்ப்பவன். முப்பது வயதுக்குள் இருக்கும். வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான். கவுண்டரில் இருந்தவர்கள் அவனைப் பெனிட்டாவின் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். கைபேசியை மேசைமேல் வைத்து அவர் பக்கம் தள்ளினான்.

"மேடம், இது தப்பா வந்திருக்கும்னு நெனக்கிறேன். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

பெனிட்டா படித்தார். மகிழன் ஒன்பது வயதில் கொடுத்த வாக்குமூலம் நூறு தடவைக்குமேல் திறக்கப்பட்டிருந்தது. ஆரம்பத்தில் சில தடவை, வழக்கு நடந்தபோது. அது இயல்பு. தீர்ப்புக்குப் பிறகு சில ஆண்டுகள் ஒன்றுமில்லை. அதன்பின் யாரோ மாதம் தவறாமல் உள்ளே போய்வந்திருக்கிறார்கள். கடைசியாகப் போனது போன மாதம்.

"தப்பா வரலை," என்றார். "உங்க வழக்கு என்னது?"

"எங்கம்மா. துறைமுகம் ரோட்டுல லாரி அடிச்சது. நான் மட்டும்தான் கூட இருந்தேன்." முகவரி சொல்வது போலச் சொன்னான். "டிரைவருக்குத் தண்டனை ஆகி, அந்தாளு வெளிய வந்தும் வருஷமாச்சு. இன்னும் யாரு மேடம் பாக்கறாங்க? என்மேல ஏதும் சந்தேகமா?"

"ஒன்பது வயசுப் பையன்மேல என்ன சந்தேகம் வரப்போகுது?"

"அப்ப எதுக்கு?"

பெனிட்டாவுக்கும் அதுதான் கேள்வி. பிரிவில் இத்தனை ஆண்டில் முடிந்த வழக்கொன்றின் அறைக்குள் யாரும் இப்படிப் போய்வந்து அவர் பார்த்ததில்லை.

"அதுல நான் அழுதுட்டிருப்பேன்," என்றான் மகிழன். "நான் அதப் பாத்ததே இல்ல. என் பொண்டாட்டிகிட்டகூட அந்த நாளப் பத்தி முழுசாச் சொன்னது கெடையாது. யாரோ ஒருத்தர் மாசாமாசம் உள்ள வந்து நின்னு பாத்துட்டுப் போறாங்கன்னா, நீங்களே சொல்லுங்க."

"யாரு, எதுக்குன்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. வேணும்னா பூட்டவும் சொல்லலாம். பூட்டிட்டா அப்புறம் கமிஷனரே வந்தாலும் தொறக்க முடியாது. கோர்ட் உத்தரவு வேணும்."

"பூட்டிருங்க." சொல்லிவிட்டு உடனே தலையை அசைத்தான். "இல்ல. மொதல்ல யாருன்னு சொல்லுங்க. தெரியாமப் பூட்டினா அந்தாளு உள்ளயே இருக்கற மாதிரி இருக்கும்."

அவன் போனதும் பெனிட்டா வேறு வேலையை எடுக்கவில்லை.

திறந்தவரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பிரிவின் பொதுக் கணக்கு' என்று இருந்தது. பதிவுகள் கெட்டுப்போகாமல் இருக்கின்றனவா என்று பார்க்க ஊழியர்கள் பயன்படுத்தும் கணக்கு அது. காரணம், ஒவ்வொரு முறையும் 'தரச் சோதனை'. ஆக, வெளியாள் இல்லை. பிரிவில் இருக்கும் பன்னிரண்டு பேரில் ஒருவர்.

இயந்திரம் இன்னொன்றையும் வைத்திருந்தது. உள்ளே போனவர் எங்கே நடந்தார், எங்கே நின்றார் என்று தரைப்படத்தில் கோடு போட்டுக் காட்டும். விசாரணை அதிகாரிகளின் கோடு சிக்கு விழுந்த நூல் மாதிரி இருக்கும். மேசையைச் சுற்றி, சாட்சிக்கு அருகில், பின்னால், மறுபடி முன்னால். இந்த ஆளின் கோடு அப்படி இல்லை. கதவிலிருந்து ஓர் இடத்துக்கு நேராகப் போனது. அங்கேயே இருந்தது. முடிந்ததும் கதவுக்குத் திரும்பியது. எதையும் நிறுத்திப் பார்க்கவில்லை, பெரிதாக்கிப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தையைக்கூட இரண்டாம் முறை கேட்கவில்லை. முதல் சில ஆண்டுகள் மேசைக்கு ஒரு பக்கம். பிறகு மறுபக்கம். ஏன் இடம் மாறியது என்று பெனிட்டாவுக்குப் புரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே உள்ளே போனார்.

வெளிர்பச்சைச் சுவர். மின்விசிறி. மேசைமேல் ஒரு பொம்மை ரயில். அதைத் தொடாமல் சிறுவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். எதிரில், சீருடை இல்லாமல், கட்டம் போட்ட சட்டையில் ஒரு மனிதர். குழந்தைகளிடம் பேசும்போது சீருடை கூடாது என்பது விதி.

"பேரு என்ன தம்பி?"

சிறுவன் வாயைத் திறக்கவில்லை. அந்த மனிதர் காத்திருந்தார். மறுபடி கேட்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ரயிலை மெதுவாக ஒருமுறை உருட்டினார்.

"சொல்லணும்னு கட்டாயமில்ல. சும்மா உக்காந்திருப்போம். எனக்கும் இன்னைக்கு வேற சோலி இல்ல."

அந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று பெனிட்டாவுக்குத் தோன்றியது. மாடிப்படி ஏறும் இடத்தில் பணியில் உயிர்விட்டவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். அதில் ஒருவர். உதவி ஆய்வாளர் இசக்கிராஜ். புயல் வெள்ளத்தில் ஆட்களை ஏற்றிவந்த படகு கவிழ்ந்து போனவர். அவர் மனைவி சுகந்திக்குத்தான் கருணை அடிப்படையில் இந்தப் பிரிவில் வேலை கொடுத்தார்கள்.

பெனிட்டா கண்ணாடியைக் கழற்றினார். ஒருவர் வீட்டு ஜன்னலை எட்டிப்பார்த்துவிட்டது போல இருந்தது.

சுகந்தி அப்போது கவுண்டரில் இருந்தாள். சண்டை போடும் தோரணையில் வருகிறவர்களைப் பெரும்பாலும் அவளிடம்தான் அனுப்புவார்கள். இருக்கையில் உட்காரவைத்து, என்ன தொலைந்தது என்று கேட்பதற்குள் பாதி கோபத்தை இறக்கிவிடுவாள். பெனிட்டா கூப்பிட்டனுப்பியதும் வந்து, உட்காராமல் நின்றாள்.

"எதுக்குன்னு தெரியும் மேடம். சட்டம் வந்த அன்னைக்கே நானா வந்து சொல்லியிருக்கணும்."

"உக்காருங்க. அந்த ஒரு அறைக்கு மட்டும் ஏன்?"

"அவரு இருக்கறது அது ஒண்ணுலதான். மெஷின் வந்த புதுசு. இந்த ஒரு கேஸ எடுத்தாரு, அப்புறம் பந்தோபஸ்து டூட்டிக்கு மாத்திட்டாங்க."

"வீட்டுல ஃபோட்டோ, வீடியோ எதுவும் இல்லையா?"

"இருக்கு. அதுல எல்லாம் அவரு கேமராவப் பாத்துச் சிரிக்கறாரு மேடம். இதுல அவரு பாட்டுக்கு இருக்காரு."

பெனிட்டா சொன்னார். "அதே அறையில அந்தப் பையனும் இருக்கான் சுகந்தி. அது அவன் அம்மா செத்த நாள்."

"தெரியும்."

"அவனுக்குத் தகவல் போயிருக்கு. வந்து கேட்டுட்டுப் போனான்."

சுகந்தியின் கை சேலை நுனியைப் பிடித்துக்கொண்டது. "எப்படி இருக்கான்?" என்றாள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது போல உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

பெனிட்டாவுக்கு வழி இல்லாமல் இல்லை. தரச் சோதனை என்பது பிரிவின் அன்றாட வேலை. அப்படியே எழுதி அனுப்பினால் மேலிடத்தில் யாரும் துருவமாட்டார்கள். சுகந்திக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் பத்து ஆண்டுகூட இல்லை. ஆனால் யார் என்று கேட்டவனுக்கு யாருமில்லை என்று பதில் சொல்லிவிட்டு, நாளை கவுண்டரைத் திறந்துவைத்து என்ன பயன்? அந்தச் சட்டம் வந்ததே இப்படிப்பட்ட பதில்களால்தான்.

"நான் எழுதித்தான் ஆகணும்," என்றார். "இன்கிரிமெண்ட் நிக்கும். இங்கிருந்தும் மாத்திருவாங்க."

"எழுதுங்க மேடம்." சுகந்தி எழுந்தாள். "அந்தத் தம்பி மறுபடி வரும்போது நான் இருக்கலாமா? யாருன்னு கேட்டா ஆளைக் காட்டணும்ல."

மகிழன் அந்த வார முடிவில் வந்தான். மூன்று பேரும் பெனிட்டாவின் அறையில் உட்கார்ந்தார்கள். பெனிட்டா நடந்ததை மறைக்காமல் சொல்லி முடித்தார். மகிழன் சுகந்தியைப் பார்த்தான். அவன் மனத்தில் உருவாக்கி வைத்திருந்த ஆள் வேறு யாரோ என்பது முகத்தில் தெரிந்தது. அந்த ஏமாற்றமே கோபமாக வந்தது.

"உங்க வீட்டுக்காரரப் பாக்கறதுக்கு எங்கம்மா சாவுக்குள்ள வந்தீங்களா?"

"ஆமா தம்பி."

"ஒருநாளாவது தப்புன்னு தோணலையா?"

"தோணாம இல்ல. ஒவ்வொரு மாசமும் இதுதான் கடைசின்னு நெனச்சுட்டுத்தான் போவேன்." அவள் குரல் தாழ்ந்திருந்தாலும் நடுங்கவில்லை. "மொத கொஞ்ச வருஷம் நீங்க சொன்ன மாதிரிதான். அவரப் பாக்கத்தான் போனேன். உங்களுக்கு முதுகக் காட்டிட்டு அவரு பக்கத்துல நின்னு முகத்தப் பாப்பேன். நீங்க அழறது காதுல விழும். கேக்காத மாதிரி நிப்பேன்."

மகிழன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அப்புறம் ஒருநாள் திரும்பிப் பாத்துட்டேன். சின்னப்புள்ள வாக்குமூலம் குடுக்கையில பெரியவங்க யாராவது கூட இருக்கணும்னு விதி. உங்க மாமா வந்துசேர நேரமாச்சு. அதனால உங்க பக்கத்துல ஒரு நாற்காலி காலியாக் கெடக்கும். நீ பேசப்பேச அந்த நாற்காலியத்தான் பாப்ப." நீங்க என்பது நீ ஆனதை அவள் கவனிக்கவில்லை. "அடுத்த மாசத்துல இருந்து நான் அங்கதான் உக்காருவேன். கண்ணாடி மாட்டற ரூம்ல ஒரு நாற்காலிய அதே இடத்துல இழுத்துப் போட்டுக்குவேன். நீ சொல்லி முடிக்கறவரைக்கும் இருப்பேன். நான் இருக்கறது உனக்குத் தெரியாது, எனக்கும் அது தெரியும். ஆனா அதுக்கப்புறம் போகாம இருக்க முடியல. நான் போகலைன்னா நீ தனியாச் சொல்லணும்."

தரைப்படத்தில் கோடு ஏன் மேசையின் மறுபக்கத்துக்கு மாறியது என்பது பெனிட்டாவுக்கு அப்போது விளங்கியது.

மகிழன் கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். "நல்லாத்தான் சொல்றீங்க," என்றான் கடைசியில். "எனக்கு எப்படித் தெரியும்? மாட்டிக்கிட்டா யாரும் ஏதாவது சொல்லத்தான் செய்வாங்க."

"சரிதான்," என்றாள் சுகந்தி.

"பூட்டிருங்க மேடம்."

பெனிட்டா திரையைத் திறந்தார். "பூட்டறதுக்கு முன்னாடி நீங்க விரும்பினா ஒருதடவை உள்ள போய்ப் பாக்கலாம். துணைக்கு ஒருத்தரக் கூட்டிட்டுப் போகலாம். அதுக்கப்புறம் உங்களுக்கும் தொறக்காது. ஒண்ணு மட்டும். பொதுமக்களுக்குக் காட்டும்போது அதிகாரியோட முகமும் குரலும் மறைச்சுத்தான் வரும். சாம்பல் நிறத்துல ஒரு உருவம் தெரியும், அவ்வளவுதான். மனைவியக் கூட்டிட்டு வர்றீங்களா?"

மகிழன் யோசித்தான். பிறகு சுகந்தியைக் காட்டினான். "இவங்க வரலாமா?"

பெனிட்டா இதை எதிர்பார்க்கவில்லை. "வரலாம். ஆனா அப்ப அவங்களும் பொதுமக்கள் கணக்குலதான் வருவாங்க. சுகந்தி, உங்களுக்கு அவரு முகம் தெரியாது. குரலும் அவரோடதா இருக்காது. இதுக்கப்புறம் வேற வாய்ப்பும் இல்ல."

"தெரியும் மேடம். எத்தனையோ பேருக்கு நானே மறைச்சுக் குடுத்திருக்கேன்." சுகந்தி எழுந்து நின்றாள். "போலாம் தம்பி."

மகிழன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்வை அறை காலியான பெரிய கூடம். ஓரமாகச் சில நாற்காலிகள். பெனிட்டா மூலையில் கட்டுப்பாட்டுத் திரைக்கு முன் உட்கார்ந்தார். பொதுமக்கள் உள்ளே போகும்போது அதிகாரி ஒருவர் உடனிருக்கவேண்டும். சுகந்தி கண்ணாடி மாட்டுவதற்கு முன்பே ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் ஓர் இடத்துக்குப் போய் வைத்தாள். அளந்து பார்க்கவில்லை, தயங்கவில்லை. பெனிட்டா தரைப்படத்தைப் பார்த்தார். காலியான நாற்காலி இருந்த அதே இடம்தான். ஒரு விரற்கடை பிசகவில்லை.

பதிவு ஓடத் தொடங்கியது. மகிழன் கதவுப் பக்கமே வெகுநேரம் நின்றான். வெளியிலிருந்து பார்க்கும் பெனிட்டாவுக்கு வெறும் கூடத்தில் இரண்டு பேர்தான் தெரிந்தார்கள். உள்ளே நடப்பது சின்னத் திரையில் வந்தது. சாம்பல் உருவம் ஒன்று யாருடையதும் அல்லாத குரலில் பேர் என்ன தம்பி என்று கேட்டது. காத்திருந்தது. சிறுவன் கடைசியில் வாயைத் திறந்தான். அம்மா பூ வாங்க நின்றாள் என்றான். நான்தான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஐஸ் வண்டியைக் காட்டினேன் என்றான். அங்கே நின்றுவிட்டான். தோள் குலுங்கத் தொடங்கியது.

சுகந்தி தன் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தை நோக்கி லேசாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை நாற்காலியின் ஓரத்தில் இருந்தது. எதிரே இருந்த சாம்பல் உருவத்தின் பக்கம் அவள் தலை ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பெனிட்டா அதற்காகவே கவனித்துக்கொண்டிருந்தார். மகிழனும் கவனித்துக்கொண்டிருந்தான் என்பது, அவன் மெல்ல நடந்து மேசை அருகே வந்தபோது தெரிந்தது. சிறுவனாக இருந்த தன்னை அவன் குனிந்து பார்த்தான். பிறகு சுகந்தியை. பிறகு அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சிறுவன் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே இருந்தான்.

பதிவு நின்றதும் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை.

"நான் ஐஸ் கேட்டத ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல," என்றான் மகிழன். "அவர்கிட்டதான் சொல்லியிருக்கேன். மறந்தே போச்சு."

"ஒன்பது வயசு," என்றாள் சுகந்தி. "ஐஸ் கேக்காம என்ன கேக்கும் புள்ள? அத முழுசாச் சொல்லி முடிச்சதும் நீ அழுகைய நிறுத்திருவ. எல்லாத் தடவையும்."

அவன் கண்ணாடியைக் கழற்றாமல் உறைந்து நின்ற அறையைச் சுற்றிப் பார்த்தான். "மேசைக்குக் கீழ ஒண்ணுமே இல்லையே. கால் தெரியல."

"அந்தக் காலத்து மெஷின்," என்றார் பெனிட்டா மூலையிலிருந்து. "மேசைக்கு மேலதான் எடுக்கும். கீழ பதியாது."

"அதான். என் கால்ல அவரு செருப்பு இருந்துச்சு."

சுகந்தி கண்ணாடியைக் கழற்றினாள். "என்ன சொன்ன?"

"என் செருப்பு ரோட்டுலயே போயிருச்சு. நல்ல வெயில், தார் கொதிக்குது. ஜீப்புல ஏத்தறதுக்கு முன்னாடி அவரு தன் செருப்பக் கழட்டி எனக்கு மாட்டிவிட்டாரு. ரெண்டு படகு மாதிரி இருந்துது. அவரு வெறுங்காலோட வந்து உக்காந்துதான் இவ்வளவும் கேட்டாரு."

"என்ன கலரு?"

"காப்பிக் கலரு. குறுக்க ரெண்டு வாரு."

சுகந்தி வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பெனிட்டா எழுந்தார். அழவில்லை.

"தீபாவளிக்கு நான் எடுத்துக் குடுத்தது," என்றாள். "வெறுங்காலோட வந்து வாசல்ல நிக்கறாரு. செருப்பு எங்கன்னு கேட்டா, அறுந்துபோச்சு, எறிஞ்சுட்டேங்கறாரு. புதுச் செருப்பு அதுக்குள்ள எப்படி அறும்னு ஒருவாரம் வறுத்தெடுத்தேன் மனுஷன. வாயத் தொறக்கலையே."

"அறுந்துபோகல அக்கா. மாமா வீட்டுக்கு அதப் போட்டுக்கிட்டுத்தான் போனேன். வேற யாரையும் தொட விடமாட்டேன். எட்டாவது படிக்கறப்ப எனக்கு அளவு சரியா வந்துச்சு. அப்புறம் ஒரு வருஷம் போட்டுத் தேய்ச்சேன்."

"எட்டாவதுலயா? ஒன்பதாம் நம்பர் செருப்பு அது."

"எனக்குக் கால் பெருசு."

அவள் அவன் காலைப் பார்த்தாள். அவனும் குனிந்து பார்த்தான். பெனிட்டா திரையில் அந்த அறையின் எண்ணைத் தேர்ந்தெடுத்து, கேட்பது தன் கடமை என்பதால் கேட்டார். "மகிழன், பூட்டிரலாமா?"

அவன் சுகந்தியைப் பார்த்தான். அவள் சரி என்று தலையசைத்தாள்.

"பூட்டிருங்க மேடம்," என்றான்.

பெனிட்டா விசையை அழுத்தினார். திரையிலிருந்து அறை மறைந்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் செருப்பை எந்தக் கடையில் வாங்கினாள், அந்தக் கடை இப்போது எங்கே போனது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.